தொடக்கப் பள்ளியில் ஓவியமும் கைவேலையும்: எல்லையோரப் பள்ளிகளுக்கான கேள்வி பதில்

பொள்ளாச்சி, ஆனைமலையில் தொடங்கி கோபாலபுரம், மீனாட்சிபுரம் தாண்டி கேரளத்துக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் வரை உள்ள தமிழ்வழித் தொடக்கப் பள்ளிகளை மனத்தில் வைத்து எழுதியது இது. பொருள்கள் பெரும்பாலும் அக்கம்பக்கத்திலேயே கிடைப்பவை. அளவுகள் 40 பிள்ளைகள் உள்ள வகுப்புக்கானவை. உங்கள் வகுப்புக்கு ஏற்றபடி கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

நாற்பது பிள்ளைகள், நாற்பது நிமிடம், ஒரே ஆசிரியர். எப்படிச் சமாளிப்பது?

பாதி வேலை முந்தின நாளே முடிந்திருக்க வேண்டும். கடையில் விற்கும் சார்ட் 22க்கு 28 அங்குலம். இரண்டு முறை பாதியாக மடித்து வெட்டினால் 11க்கு 14 அங்குலத்தில் நான்கு துண்டு வரும். இன்னொரு முறை மடித்தால் எட்டு. ஆளுக்கு ஒரு சிறிய துண்டு என்றால் 5 சார்ட் போதும், ஆனால் 6 வாங்குங்கள். கிழித்துவிட்டு அழும் பிள்ளை எந்த வகுப்பிலும் இரண்டு மூன்று உண்டு.

ஐந்து பேருக்கு ஒரு குழு, மொத்தம் எட்டுக் குழு. குழுவுக்கு ஒரு தட்டு: அதில் மூடியளவு வண்ணம் மூன்று, பழந்துணி ஒன்று, தண்ணீர் ஒரு கொட்டாங்கச்சி. கொட்டாங்கச்சி உருளும் என்பதால்தான் பலர் பிளாஸ்டிக் கப்புக்குப் போகிறார்கள். பானைக்கு வைப்பதுபோல் வைக்கோலில் சிறு புரிமணை முறுக்கி அதன்மேல் வைத்தால் உருளாது. பிளாஸ்டிக் கப்புதான் காற்றுக்குக் கவிழும்.

பொருளைக் கையில் கொடுத்துவிட்டு விளக்கம் சொல்லாதீர்கள், ஒருவர் காதிலும் ஏறாது. முதலில் 5 நிமிடம் சொல்லுங்கள், ஒருமுறை செய்து காட்டுங்கள், காட்டியதை எடுத்து ஒளித்துவிடுங்கள், பிறகு தட்டை வையுங்கள். மணி அடிக்க 10 நிமிடம் இருக்கும்போது வண்ணத்தை எடுத்துவிட வேண்டும். கழுவித் துடைக்க அந்தப் பத்து நிமிடமும் ஆகும்.

காட்டியதை ஏன் ஒளிக்கச் சொல்கிறீர்கள்?

மாதிரி கண்முன் இருந்தால் நாற்பதும் அதன் நகலாகவே வரும். செய்முறையைக் காட்டுவது தேவைதான்: அச்சுக்கட்டையை எப்படி அழுத்துவது, பசையை எந்தப் பக்கம் தடவுவது என்பதெல்லாம் பார்த்தால்தான் புரியும். எந்தப் படம், எந்த நிறம், எத்தனை என்பது பிள்ளையின் பாடு. பொருளை ஆசிரியர் தயார் செய்யட்டும், படத்தைப் பிள்ளை தயார் செய்யட்டும். இந்தப் பக்கத்தில் உள்ள எல்லா வேலைக்கும் இதுவே நிபந்தனை.

எந்தத் தலைப்புக் கொடுத்தாலும் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு வீடு, ஒரு தென்னைமரம். இதை எப்படி மாற்றுவது?

பாலக்காட்டுக் கணவாய் ஊர்களில் இரண்டு மலைக்கு நடுவே சூரியன் உதிப்பது ஒருவகையில் உண்மைதான். வடக்கே நீலகிரித் தொடர், தெற்கே ஆனைமலைத் தொடர். ஆனால் நடுவில் சுமார் 30 கிலோமீட்டர் இடைவெளி இருக்கிறது. பிள்ளை வரைவது அதைப் பார்த்து அல்ல. அண்ணன் நோட்டைப் பார்த்து.

திட்டினால் மாறாது. தலைப்பைச் சுருக்கிக் கேட்டால் மாறும். 'என் ஊர்' என்று சொன்னால் மலைதான் வரும். 'உங்கள் வீட்டு வாசலில் இப்போது கிடக்கும் செருப்புகளை எல்லாம் வரை' என்றால் மலை வராது. 'சோதனைச்சாவடியில் நிற்கும் லாரியில் என்ன ஏற்றியிருக்கிறது?', 'ஆட்டுக்குட்டி பால் குடிக்கும்போது அதன் கால்கள் எப்படி இருக்கும்?' என்று கேளுங்கள். பார்த்தே தீர வேண்டிய கேள்வியாக இருக்க வேண்டும்.

இன்னொரு வழி, தாளையும் கருவியையும் மாற்றுவது. மூன்று அங்குல அகலம், இரண்டடி நீளத்தில் ஒரு தாள் நாடாவைக் கொடுத்துப் பாருங்கள். அதில் மலை நிற்காது. பாம்பு, ஆறு, ரயில், எறும்பு வரிசை வரும். பென்சிலையும் ரப்பரையும் வாங்கி வைத்துக்கொண்டு கரித்துண்டு மட்டும் கொடுத்தால், அழித்து அழித்தே நேரம் போக்கும் பிள்ளைகள்கூட முடித்துவிடுவார்கள்.

எந்த வகுப்புக்கு எது சரிப்படும்?

ஒன்று, இரண்டாம் வகுப்புக்குக் கிழித்து ஒட்டுதல், விரல்ரேகை அச்சு, இலை அச்சு, களிமண் உருட்டல், மெழுகுக் கிரேயான் தேய்ப்பு. மூன்றாம் வகுப்பில் கத்தரிக்கோல், காகிதப் பாய் முடைதல், புள்ளிக் கோலம். நான்கு, ஐந்தில் காகிதக்கூழ், நிழல் பாவை, காத்தாடி, பல நாள் நீளும் கூட்டு வேலைகள். கிழிப்பதைக் குறைவாக நினைக்க வேண்டாம். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் எதிரெதிராக வேலை செய்யப் பழகுவது அதில்தான். பென்சில் பிடிக்கச் சிரமப்படும் பிள்ளைக்கு இரண்டு வாரம் கிழிக்கக் கொடுத்துப் பாருங்கள். செய்தித்தாள் நீளவாக்கில் நேராகக் கிழியும், குறுக்கே கோணலாகப் போகும். எந்தப் பக்கம் நேராகக் கிழிகிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

வகுப்பு முழுவதற்கும் பசை எப்படிக் காய்ச்சுவது?

ஒரு டம்ளர் மைதா, ஐந்து டம்ளர் தண்ணீர். ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் மைதாவைக் கட்டியில்லாமல் கரையுங்கள். மீதி நான்கைக் கொதிக்க வைத்து, அதில் கரைசலைக் கிண்டிக்கொண்டே ஊற்றுங்கள். சிறு தீயில் மூன்று நான்கு நிமிடம். வெள்ளை நிறம் போய்க் கண்ணாடிபோல் ஆனதும் இறக்கிவிடலாம். ஆறினால் இன்னும் கெட்டியாகும், எனவே அடுப்பில் இருக்கும்போது சற்றுத் தளர்வாக இருப்பதே சரி. ஏறத்தாழ ஒரு லிட்டர் வரும். தலைக்கு இரண்டு கரண்டி.

மைதாவை நேரே சுடுநீரில் போட்டால் கட்டி விழும். மாவின் வெளிப்பக்கம் உடனே வெந்து பசையாகி உள்ளே உலர்ந்த மாவை மூடிவிடுவதால், எவ்வளவு கிண்டினாலும் உடையாது. அப்படி ஆகிவிட்டால் துணியில் வடிகட்டுங்கள். மரவள்ளிக் கிழங்கு மாவு கிடைத்தால் இன்னும் நல்லது: நிறமில்லாமல் காயும், பிடிப்பும் அதிகம்.

வெயில் காலத்தில் மறுநாளே புளிக்கும். கெடாமல் இருக்க மயில்துத்தம் போடும் பழக்கம் சுவரொட்டி ஒட்டுபவர்களுக்கு உண்டு. அது விஷம், பிள்ளைகள் கை வைக்கும் பசையில் போடவே கூடாது. அன்றன்றைக்குக் காய்ச்சுவதுதான் வழி.

கடை வண்ணத்துக்குச் செலவாகிறது. இலை, பூ, மண்ணிலிருந்து வண்ணம் எடுத்தால் நிற்குமா?

சில நிற்கும், சில நிற்காது. செங்கல் பொடி, செம்மண், கரி, உமிக்கரி எல்லாம் தூள் வண்ணங்கள். வெயிலில் வெளுக்காது. மஞ்சளும் பீட்ரூட் சாறும் பூச்சாறுகளும் வெளுத்துவிடும். வெயில் படும் சுவரில் மாட்டினால் மஞ்சள் சீக்கிரமே மங்கும், பீட்ரூட்டின் சிவப்பு பழுப்பாகிப் போகும். ஆகவே வைத்துப் பாதுகாக்க நினைக்கும் படத்துக்கு மண்ணும் கரியும், விளையாட்டுக்குப் பூவும் இலையும்.

மண் வண்ணம் செய்யும் முறை இது. செம்மண்ணைக் காயவைத்து இடித்து, பழைய வேட்டித் துணியில் சலித்துக்கொள்ளுங்கள். நாட்டு மருந்துக் கடையில் கருவேலம் பிசின் வாங்கி, ஒரு பங்குக்கு இரண்டு பங்கு வெந்நீர் ஊற்றி இரவெல்லாம் ஊறவிட்டு வடிகட்டுங்கள். இரண்டு கரண்டி தூளுக்கு ஒரு கரண்டி பிசின் நீர், பிறகு தேவைக்குத் தண்ணீர். பாதாம் பிசின் வாங்கி ஏமாறாதீர்கள். அது கரையாது, ஊதி நுங்குபோல் நிற்கும்.

ஒரு ஓரத்தில் தடவிக் காயவைத்து விரலால் தேய்த்துப் பாருங்கள். தூள் கையோடு வந்தால் பிசின் போதவில்லை. பளபளத்து வெடித்து உதிர்ந்தால் பிசின் மிஞ்சிவிட்டது.

பூவில் ஒரு வேடிக்கை உண்டு. சங்குப்பூவை வெந்நீரில் போட்டால் நீலம். அதில் எலுமிச்சைச் சாறு சொட்டினால் ஊதாவாகி, இன்னும் விட்டால் இளஞ்சிவப்பாகும். மஞ்சள் தடவிக் காய்ந்த தாளில் சோப்புத் தண்ணீரால் எழுதினால் எழுத்துச் செம்பழுப்பாகத் தெரியும். சுண்ணாம்பில் இன்னும் அழுத்தமான சிவப்பு வரும். கேரளத்துக் கோயில்களில் களமெழுத்துக்கு (தரையில் வண்ணப் பொடிகளால் தெய்வ உருவம் வரைவது) வேண்டிய சிவப்பை மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்தே எடுக்கிறார்கள். மஞ்சளுக்கு மஞ்சள்தூள், வெள்ளைக்கு அரிசிமாவு, கறுப்புக்கு உமிக்கரி, பச்சைக்கு இலைப்பொடி. அந்த ஐந்து பொடிகளையே வகுப்புக்கான பட்டியலாக வைத்துக்கொள்ளலாம். சுண்ணாம்பை மட்டும் ஆசிரியர்தான் கையாள வேண்டும். கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு.

வெண்டைக்காய், உருளைக்கிழங்கு அச்சு எல்லாம் வெறும் தீற்றலாக விழுகிறது. ஏன்?

ஈரம். வெட்டிய உருளைக்கிழங்கில் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். துணியில் கவிழ்த்துப் பத்து நிமிடம் வைத்த பிறகு வண்ணம் தொட வேண்டும். வண்ணத்தைக் கிண்ணத்தில் வைத்து முக்கக் கூடாது. நான்காக மடித்த பருத்தித் துணியைத் தட்டில் வைத்து, ஒரு கரண்டி கெட்டி வண்ணத்தை அதில் ஊறவிட்டு, முத்திரை மை தொடுவதுபோல் ஒற்றி எடுக்கச் சொல்லுங்கள். தாளுக்கு அடியில் செய்தித்தாள் நான்கு மடிப்பு இருக்கட்டும். கடினமான மேசையில் அச்சின் நடுப்பகுதி விழாது.

வெண்டைக்காய் முற்றலாக இருந்தால் ஐந்து மூலையும் தெளிவாக விழும். இளசு நசுங்கும். வாழை மட்டையின் குறுக்குவெட்டு வலைபோல் விழும். வெட்டி ஒரு மணி நேரத்துக்குள் பயன்படுத்துங்கள். இலை அச்சுக்கு நரம்பு புடைத்திருக்கும் அடிப்பக்கத்தில் வண்ணம் பூச வேண்டும். பிள்ளைகள் பளபளப்பான மேல்பக்கத்தில் பூசிவிட்டு 'ஒண்ணுமே வரலே டீச்சர்' என்பார்கள்.

மழைக்காலத்தில் எதுவும் காயமாட்டேன் என்கிறது. ஜூன், ஜூலையில் என்ன செய்யலாம்?

இந்தப் பகுதி முழுவதும் ஒரே மாதிரி மழை அல்ல. சித்தூர் தாலுகாவின் கிழக்கோரம் பாலக்காட்டைவிடக் காய்ந்த பூமி. பல பள்ளிகளில் காற்றுதான் தொல்லை. ஆனாலும் பள்ளி திறந்ததும் ஈர வேலையில் இறங்க வேண்டாம். கிரேயான் தேய்ப்பு, காகிதப் பாய், கிழித்து ஒட்டுதல், காத்தாடி இவற்றை முன்னே வையுங்கள். காகிதக்கூழையும் களிமண்ணையும் ஜனவரிக்குத் தள்ளுங்கள்.

காத்தாடி சுற்றுவதே இல்லை, குத்தினால் நிற்கிறது. என்ன தவறு?

பெரும்பாலும் ஊசி இறுக்கம். 14 சென்டிமீட்டர் சதுரத் தாளில் மூலைக்கு மூலை கோடு போட்டு, நடுவிலிருந்து 2 சென்டிமீட்டர் விட்டு வெட்ட வேண்டும். எட்டு முனைகளில் ஒன்றுவிட்டு ஒன்றாக நான்கை நடுவுக்குக் கொண்டுவந்து குண்டூசி குத்துங்கள். வளைவாக வர வேண்டும். மடித்து நகத்தால் அழுத்தினால் காற்று உள்ளே போகாது. ஊசிக்கும் குச்சிக்கும் நடுவே தீர்ந்த ரீஃபில் குழாயை அரை சென்டிமீட்டர் வெட்டிக் கோத்தால் தாராளமாகச் சுற்றும். குச்சிக்குச் சோளத்தட்டை எளிது. மறுபக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் ஊசிமுனையை மடக்கி ஒட்டுத்தாள் சுற்றுவது ஆசிரியர் வேலை.

தாளின் இரண்டு பக்கமும் வண்ணம் தீட்டச் சொல்லுங்கள். மடித்த பிறகு இரண்டும் தெரியும். ஒரு பக்கம் மஞ்சள், மறுபக்கம் நீலம் தீட்டியவன் கணவாய்க் காற்றில் அதைப் பிடித்துப் பார்க்கும்போது நிறம் கலங்குவதைத் தானே கண்டு சொல்வான்.

காகிதக்கூழ்க் கிண்ணம், முகமூடி பூசணம் பிடிக்கிறது. எப்படித் தவிர்ப்பது?

ஒரே நாளில் எல்லா அடுக்கையும் ஒட்டினால் உட்புறம் காயாமல் பூசணம் பிடிக்கும். ஒரு நாளைக்கு ஓர் அடுக்கு, அதிகம் போனால் இரண்டு. மொத்தம் நான்கைந்து அடுக்கு வேண்டும். செய்தித்தாளை இரண்டு விரல் அகலப் பட்டைகளாகக் கிழியுங்கள், கத்தரிக்க வேண்டாம். கிழிந்த ஓரத்தின் நார்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். வெட்டிய ஓரம் பிரிந்துகொண்டு நிற்கும்.

எல்லையோரப் பள்ளிகளுக்கு ஒரு வசதி: ஓர் அடுக்குக்குத் தமிழ்ச் செய்தித்தாள், அடுத்த அடுக்குக்கு மலையாளச் செய்தித்தாள். எங்கே விட்டுப்போயிற்று என்று எழுத்தைப் பார்த்தே பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள்.

அச்சுக்கு எவர்சில்வர் கிண்ணம் அல்லது கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து வையுங்கள். முதல் அடுக்கு வெறும் தண்ணீரில் நனைத்த தாள், பசை வேண்டாம். அப்போதுதான் கழன்று வரும். வாய் குறுகி வயிறு பெருத்த சொம்பை அச்சாக்கினால் வெளியே எடுக்க முடியாது. பலூன் வைத்தால், காற்று குறைந்து அது சுருங்கும்போது ஈரமான அடுக்கும் கூடவே சுருங்கிவிடும். முதல் அடுக்கு நன்றாகக் காயும்வரை பலூனை வெயிலுக்கும் குளிருக்கும் மாற்றி மாற்றி வைக்காதீர்கள்.

மைதா பசையில் செய்ததைக் கரப்பானும் எலியும் விடாது. பீரோவுக்குள் அடுக்குவதைவிடக் கயிற்றில் தொங்கவிடுவது மேல்.

களிமண் பொம்மை காய்ந்ததும் கை வேறு கால் வேறு. எந்த மண் எடுப்பது?

சித்தூர்க் கிழக்குப் பகுதியில் பல இடம் கரிசல். கையில் நன்றாகப் பிசையவரும், ஆனால் காயும்போது மிகவும் சுருங்கும் என்பதால் பாளம் பாளமாக வெடிக்கும். குளத்து வண்டல் அல்லது குயவர் பயன்படுத்தும் மண் கேட்டு வாங்குங்கள். ஆளுக்கு கால் கிலோ, வகுப்புக்கு 10 கிலோ. கரிசல்தான் கிடைக்கும் என்றால் ஐந்து பங்குக்கு ஒரு பங்கு சலித்த மணல் சேர்த்துப் பிசையுங்கள்.

பதம் பார்க்கும் முறை: சுண்டுவிரல் தடிமனில் உருட்டி விரலைச் சுற்றி வளையுங்கள். வெடித்தால் தண்ணீர் போதவில்லை, விரலில் ஒட்டினால் அதிகம். முந்தின நாள் பிசைந்து ஈரச் சாக்கில் மூடி வைத்த மண் நன்றாக வேலை செய்யும்.

கை, கால், காது உதிர்வதற்குக் காரணம் ஒட்டும் முறை. சும்மா அழுத்தி வைத்தால் ஒட்டாது. இரண்டு பக்கமும் ஈர்க்கால் கீறி, அதே மண்ணைத் தண்ணீரில் குழைத்துத் தடவி, பிறகு சேர்த்து அழுத்த வேண்டும். பிள்ளைகள் யானைக்குத் தும்பிக்கையை மெல்லியதாக உருட்டி ஒட்டுவார்கள். உடம்பு காய்வதற்கு முன் அது காய்ந்து சுருங்கி விழும். தும்பிக்கையை உடம்பிலிருந்தே இழுத்து நீட்டச் சொன்னால் பிரச்சினையே இல்லை. நிழலில் காயவையுங்கள், வெயிலில் வேண்டாம். விசிறிக்கு அடியிலும் வேண்டாம்.

நிழல் பாவை செய்யலாமா? தோலும் விளக்கும் எங்கே போவது?

இந்த மண்ணுக்கே உரிய வேலை இது. பாலக்காடு மாவட்டத்துப் பகவதி கோயில்களின் கூத்துமாடங்களில் நடக்கும் தோல்பாவைக்கூத்தில் பாடப்படுவது கம்பராமாயணம். மலையாள நாட்டுக் கோயிலில் தமிழ்ப் பாட்டு. திரைக்குப் பின்னால் 21 விளக்குகள் வரிசையாக எரியும், தேங்காய் மூடிகளில் எண்ணெய் ஊற்றி ஏற்றுவார்கள். பாவைகளுக்கு மான்தோல் என்பது மரபு. வகுப்புக்குப் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை போதும்.

உருவம் ஒரு சாண் முதல் ஒன்றரைச் சாண் வரை, பக்கவாட்டுத் தோற்றம். முன்பக்கம் பார்த்த முகம் நிழலில் வெறும் வட்டமாகத்தான் தெரியும். மூக்கும் வாயும் ஓரக்கோட்டில் இருந்தால்தான் ஆள் தெரிவான். ஒரு கையை மட்டும் தனியாக வெட்டி, தோளில் துளையிட்டு, நூலை இருபுறமும் முடிச்சுப் போட்டு இணையுங்கள். முடிச்சு தளர்வாக இருந்தால்தான் கை ஆடும். உடம்புக்கு ஒரு குச்சி, கைக்கு ஒரு குச்சி. ஒற்றை ஈர்க்கு வளையும், இரண்டைச் சேர்த்துக் கட்டுங்கள்.

வண்ண நிழலுக்கு ஒரு மலிவான வழி உண்டு. உடையின் நடுவே சன்னல்போல் வெட்டி, அதற்குப் பின்னால் கிரேயான் தீட்டிய மெல்லிய தாளை ஒட்டி, தாளின் பின்புறம் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துவிடுங்கள். எண்ணெய் தாளின் நார் இடுக்குகளை நிரப்புவதால் வெளிச்சம் ஊடுருவும், நிறம் திரையில் விழும். ஒட்டிய பிறகுதான் எண்ணெய். முதலில் தடவினால் பசை பிடிக்காது.

திரைக்கு வெள்ளை வேட்டியை விறைப்பாகக் கட்டுங்கள், சுருக்கம் இருந்தால் நிழல் நெளியும். விளக்கு திரைக்கு மூன்று நான்கு அடி பின்னால், ஆட்டுபவர் தலைக்கு மேலே. கீழே வைத்தால் பாவைக்குப் பதில் பிள்ளையின் தலைதான் தெரியும். டியூப்லைட் உதவாது, ஒளி நீளமாகப் பரவுவதால் நிழலுக்கு ஓரமே இருக்காது. செல்போன் டார்ச் சிறு புள்ளியாக இருப்பதால் கூர்மையான நிழல் தரும். பாவை திரையைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஓரடி பின்வாங்கினால் உருவம் பெருத்து மங்கும். பூதம், அரக்கன் வரும் காட்சியில் வேண்டுமென்றே பின்வாங்கலாம். இதைச் சொல்லிக்கொடுக்காமல் விட்டாலும் ஐந்தாம் வகுப்பு பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடும்.

கதை எது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். இராமாயணத்தில் பஸ் கண்டக்டர் வந்தாலும் தடுக்காதீர்கள்.

ஓணத்துக்குப் பூக்களம் போட வேண்டும், பூ விலை ஏறிக் கிடக்கிறது. எவ்வளவு வாங்குவது?

அத்தம் முதல் திருவோணம் வரை பத்து நாளும் தோவாளையிலிருந்தும் கோவையிலிருந்தும் பூ கேரளத்துக்குத்தான் போகும். விலையும் அதற்கேற்றபடி ஏறும். கண்ணை மூடிக்கொண்டு வாங்காமல் கணக்குப் போடுங்கள். தரையில் ஒரு சதுர அடி வரைந்து, உதிர்த்த செண்டுமல்லியால் நிரப்பி, அதை அள்ளி நிறுத்துப் பாருங்கள். ஐந்தடி விட்டமுள்ள வட்டம் ஏறத்தாழ 20 சதுர அடி. ஆக அந்த எடையை இருபதால் பெருக்கினால் மொத்தத் தேவை வந்துவிடும். காம்பும் பச்சைப் புல்லியும் கழிவதால் வாங்கும்போது கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளே இந்தக் கணக்கைப் போடலாம்.

பாதிப் பரப்பைப் பூ இல்லாமலே நிரப்ப முடியும்: பொடியாக நறுக்கிய இலை, மஞ்சள் கலந்த மரத்தூள், செங்கல் பொடி, உமிக்கரி. வாடாமல்லி காய்ந்தாலும் நிறம் போகாது; மிஞ்சியதை உலர்த்தி வைத்தால் பொங்கலுக்கு ஆகும்.

ஆணியில் நூல் கட்டிச் சாக்பீஸால் வட்டங்கள் வரையுங்கள். எட்டுப் பங்காகப் பிரிக்க, வட்டமாக வெட்டிய செய்தித்தாளை மூன்று முறை மடித்துப் பிரித்தால் மடிப்புகளே கோடு காட்டும். நடுவிலிருந்து வெளியே நிரப்பிக்கொண்டு வர வேண்டும். வெளியிலிருந்து தொடங்கினால் உள்வட்டத்துக்குப் போக வழியில்லாமல் மிதிப்பார்கள். காற்று அடங்காத தாழ்வாரத்தில் போடாமல் வகுப்பறைக்குள் போடுங்கள். அரளிப்பூ சேர்த்தால் பிள்ளைகள் கை கழுவாமல் பாயசத்துக்கு உட்காரக் கூடாது. அரளி நச்சுள்ளது.

கோலத்தை ஓவிய வகுப்பில் சேர்க்கலாமா? பையன்கள் போடமாட்டோம் என்கிறார்கள்.

கணக்காகக் கொடுங்கள், போடுவார்கள். 7 புள்ளி நேர்ப்புள்ளி (புள்ளிக்கு நேராகப் புள்ளி), இருபுறமும் 1 வரை வைத்தால் மொத்தம் எத்தனை புள்ளி? 25. அதே 7 புள்ளியை ஊடுபுள்ளியாக (இரண்டு புள்ளிக்கு நடுவே ஒன்று) இருபுறமும் 4 வரை வைத்தால்? 37. வைத்து எண்ணிப் பார்ப்பதற்குள் கோலம் பாதி ஆகிவிடும். சிக்குக் கோலத்தில் எல்லாப் புள்ளியையும் சுற்றி ஒரே கோடு தொடங்கிய இடத்துக்கே திரும்புகிறதா என்று விரலை ஓட்டிப் பார்ப்பது அவர்களுக்குப் பந்தயம்.

சிமெண்டுத் தரைக்கு மாக்கோலம் நல்லது. பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து நைசாக அரைத்துப் பால்போல் கரைத்து, சிறு துணித்துண்டை அதில் நனைத்து விரலிடுக்கில் பிழிந்து இழுக்க வேண்டும். போடும்போது கோடு கண்ணுக்கே தெரியாது, காய்ந்தால்தான் வெளுக்கும். தெரியவில்லையே என்று பிள்ளைகள் மறுபடி மறுபடி ஊற்றிக் குளமாக்குவார்கள். ஒரு கோடு போட்டுவிட்டு, காயும்வரை எல்லாரையும் உட்கார்ந்து பார்க்கச் சொன்னால் தீர்ந்தது. கடையில் விற்கும் கல்மாவுக் கோலப்பொடி வகுப்பறைக்குள் வேண்டாம். அந்தத் தூசி மூச்சில் ஏறும்.

எந்தெந்தப் பொருளை அறவே தவிர்க்க வேண்டும்?

முதலில் குன்றிமணி. சிவப்பில் கறுப்புக் கண் வைத்தது. பார்க்க அழகு, மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. ஊசியால் துளைத்துக் கோப்பதும் கூடாது. முழுச் சிவப்பாக இருக்கும் மஞ்சாடி வேறு. குன்றிமணிக்குப் பதில் அதை வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு எந்தச் சிறு விதையும் வேண்டாம், மூக்கிலும் காதிலும் போகும். எருக்கிலை அச்சு வேண்டாம். அதன் பால் கண்ணில் பட்டால் கெடுதல். துணிக்குப் போடும் சாயப்பொடி, உடனே ஒட்டும் பசை, சூடான கம்பியால் தெர்மாகோல் வெட்டுவது மூன்றும் பள்ளிக்குள் வரக் கூடாது.

வீட்டில் பெற்றோர் செய்து கொடுத்தனுப்புகிறார்கள். எப்படி நிறுத்துவது?

வீட்டுவேலையாகக் கொடுப்பதை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். பொருள் சேகரிப்பதை மட்டும் வீட்டுக்கு விடுங்கள்: இரண்டு கொட்டாங்கச்சி, பத்து ஈர்க்கு, ஒரு பழைய பத்திரிகை. செய்வது வகுப்பில்.

மதிப்பெண் போடுவதா?

படத்துக்குப் போடாதீர்கள். பதிவேட்டில் ஏதாவது எழுதியாக வேண்டும் என்றால், பிள்ளை எதைத் தானே முடிவு செய்தது, எங்கே தடுமாறிச் சரிசெய்தது, பொருளை எப்படிக் கையாண்டது என்று ஒரு வரி எழுதுங்கள். 'மிக அழகு' என்று எல்லார் தாளிலும் எழுதுவதைவிட, 'இந்த ஆட்டுக்கு ஏன் ஐந்து கால்?' என்று கேட்பது நல்லது. பெரும்பாலும் பதில் இருக்கும்: 'அது ஓடுது சார்.'

இடதுகைப் பிள்ளை கத்தரிக்கோலில் திணறுகிறான்.

வழக்கமான கத்தரிக்கோலை இடதுகையில் பிடித்தால் அழுத்தம் இரண்டு அலகையும் பிரிக்கிறது. தாள் வெட்டுப்படாமல் நடுவில் மடங்கும். வெட்ட வேண்டிய கோடும் அலகுக்குப் பின்னால் மறைந்துவிடும். இடதுகைக் கத்தரிக்கோல் தனியாகக் கிடைக்கிறது, பள்ளிக்கு இரண்டு வாங்கி வையுங்கள். அதுவரை மடித்து, மடிப்பை நாக்கால் நனைக்காமல் தண்ணீரால் நனைத்து, கிழிக்கக் கொடுங்கள்.

படங்களை மாட்டினால் காற்று கிழித்துவிடுகிறது.

மேலே மட்டும் கிளிப் போட்டால் தாள் பாய்மரம் ஆகிவிடும். இரண்டு கயிறு கட்டுங்கள்: மேல் ஓரத்துக்கு ஒன்று, கீழ் ஓரத்துக்கு ஒன்று. பிள்ளையின் கண் உயரத்தில் மாட்டுங்கள், ஆய்வுக்கு வரும் அதிகாரியின் கண் உயரத்தில் அல்ல. இரண்டு வாரத்தில் கழற்றிப் படத்தை அவரவரிடமே கொடுத்துவிடுங்கள்.

தூரிகைகள் ஒரு மாதத்தில் துடைப்பமாகிவிடுகின்றன. வழி உண்டா?

தண்ணீரில் தலைகீழாக நிறுத்தி வைப்பதுதான் காரணம். முடி வளையும், பூணுக்குள் தண்ணீர் போய்ப் பிடி கழலும். சோப்புப் போட்டுக் கழுவி, விரலால் முனை கூட்டி, படுக்கவைத்துக் காயவிடுங்கள். ஏற்கெனவே விரிந்துபோனவற்றை எறிய வேண்டாம். புல், வைக்கோல், ஆட்டு ரோமம் வரைய அவைதான் சரி. புதிதாக வாங்கும்வரை தென்னை மட்டைத் துண்டின் ஒரு முனையை நசுக்கி நாராக்கியும் வண்ணம் தீட்டலாம். பசை தடவ எப்போதுமே அது போதும்.